‘டேக்’ என்ற சொல்லும் பிலோமினா அக்காவின் குளிசைகளும்

இரண்டு பேர் பேசுவதற்கு நடுவில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதற்குப் பெயர்தான் மொழிபெயர்ப்பாளர் வேலை.

மொன்ட்ரியாலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு மருத்துவ நிலையத்தில், இரண்டாயிரங்களின் முற்பகுதியில், ஆறேழு வருடம் அந்த வேலை பார்த்தேன். டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். உங்கள் மாமியாரையோ மச்சானையோ ஒருமுறையாவது டொக்டரிடம் கூட்டிப்போய், "என்னவாம்? என்னவாம்?" என்ற கேள்விக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் என்றால், அது எளிதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

வாயில் நுழையாத வியாதிப் பெயர்களுக்குப் பயந்துகொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தேன். அவற்றை ஒரு கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். அவை ஒன்றும் என்னைக் கவிழ்க்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ‘டேக்’ என்ற சொல்தான் கவிழ்த்தது. டேக் என்றால் எடு. அப்படித்தான் யாழ்ப்பாணத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். ஊரில் ரீச்சராக இருந்த பத்து வருடமும் நானும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக் கொடுத்தேன். அந்த ஒரு சொல்லால் ஒரு மனுஷியின் உயிர் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் போகிற வழியில் சிரிக்கவும் இடம் உண்டு.

நம்பர் எடுத்த ஐயா

எங்கள் நிலையத்தின் வாசலில் ஒரு சின்ன இயந்திரம் இருந்தது. அதிலிருந்து நம்பர் துண்டு எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். வரவேற்பு மேசையில் இருந்த மரி ஹெயிட்டியிலிருந்து வந்தவள். உள்ளே வருகிற எல்லோருக்கும் அவள் சொல்கிற முதல் வசனமே "நம்பர் எடுங்கள்" என்பதுதான். பிரெஞ்சில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, பிறகு என்னைப் பார்ப்பாள்.

கனகசபை ஐயா மகனுடைய ஸ்பொன்சரில் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காலை எட்டு மணிக்கு வந்தார், நம்பர் எடுத்தார், போய்விட்டார். பதினொரு மணிக்குக் குளித்து, புட்டுச் சாப்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வந்து துண்டை நீட்டினார். அந்த நம்பரை எட்டரைக்கே கூப்பிட்டு முடித்திருந்தார்கள். ஊரில் அவர் போகிற தனியார் டிஸ்பென்சரியில் விடியவே போய் நம்பர் எடுத்துவிட்டால் அந்த இடம் அவருக்கு உறுதிப் பத்திரம் எழுதிய காணி மாதிரி. வீட்டுக்குப் போய் ஆறுதலாக வரலாம். இங்கே நம்பர் எடுத்தால் அசையாமல் இருக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். ஐயா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பிள்ளை, நம்பரை நான் எடுத்தனானோ, நம்பர் என்னை எடுத்ததோ?"

மூச்சு

அதே ஐயாதான். புது நம்பர் எடுத்து, ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்து, கடைசியில் உள்ளே வந்தார். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ஆழமாக ‘டேக்’ பண்ணச் சொன்னார், மூச்சை. நானும் பசிக் களையில், "ஐயா, மூச்சை எடுங்கோ" என்று சொல்லிவிட்டேன். இழுங்கோ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். ஐயா சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார். என்ன நடந்தது என்று டொக்டர் என்னைப் பார்க்கிறார், நான் ஐயாவைப் பார்க்கிறேன்.

"அதை எடுக்கிறதுக்கு வேறை ஒருத்தர் இருக்கிறார் பிள்ளை. அவர் எருமையிலை வருவார்."

ஒழுங்காக எடுக்கிறவர்

பிலோமினா அக்கா மன்னார்க்காரி. ஐம்பத்திரண்டு வயது. ஒரு தையல் தொழிற்சாலையில் குளிர்காலக் கோட்டுகளுக்கு சிப் வைத்துத் தைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறவிடாதவர், யாரைப் பற்றியும் புறம் பேசாதவர். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. இதே வயதில் அவருடைய அண்ணன் பிரஷரில் விழுந்து, ஒரு பக்கம் இழுத்து, இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து செத்தவர். டொக்டர் அதைக் கேட்டவுடனேயே பேனாவை எடுத்து, நாளுக்கு ஒரு மாத்திரை என்று ஒரு குளிசை எழுதினார்.

அடுத்த மாதம் வந்தார். அதே நூற்றுத் தொண்ணூறு. டொக்டர் "ஆர் யூ டேக்கிங் த மெடிசின்?" என்று கேட்க, நான் "மருந்து எடுக்கிறீங்களோ அக்கா?" என்று கேட்க, அக்கா "ஓம் தங்கச்சி" என்று சொன்னார். அளவு இரண்டு மடங்கானது. அதற்கடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். பிரஷர் இறங்கவில்லை. இரண்டாவது குளிசை ஒன்று சேர்ந்தது. எனக்கு இரக்கமாக இருந்தது. இவ்வளவு ஒழுங்கான மனுஷிக்கு ஏன் இப்படி என்று கடவுளோடு கொஞ்சம் கோபமும் வந்தது. டொக்டர் திரும்பவும், வடிவாகக் கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். வடிவாகவே கேட்டேன்.

"நான் ஒழுங்கா எடுக்கிறன் தங்கச்சி. ஒரு மாதம்கூட விடேல்லை."

போகும்போது சொன்ன சொல்

சிவநேசன் ஜான்-டலோன் சந்தையில் காய்கறிப் பெட்டி இறக்குகிற ஆள். மலை மாதிரி உடம்பு. இருமலுக்காக வந்தார். டொக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, சளிதான் என்றார். அவர் எழுந்து போகும்போது டொக்டர் சிரித்துக்கொண்டே ‘டேக் கெயர்’ என்றார். நானும் அதே சிரிப்போடு "கவனமா இருங்கோ" என்றேன்.

நாலாம் நாள் மனைவியோடு வந்து நிற்கிறார். சந்தைக்குப் போகவில்லையாம், மாடிப்படி ஏறவில்லையாம். என்னத்துக்குக் கவனமாக இருக்கச் சொன்னார் டொக்டர், இருதயமா, ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்கிறார். நாங்கள் ‘போயிட்டு வாங்கோ’ என்பதுபோல அவர்கள் போகிறவருக்குச் சொல்கிற வார்த்தை அது, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அவர் முகம் தெளிந்துவிட்டது. மனைவியின் முகம்தான் தெளியவில்லை.

"மூண்டு நாள் இந்தாளைக் கட்டிலிலை வச்சுக் கஞ்சி பருக்கினனான். டொக்டரையே வந்து அந்தச் சட்டியைக் கழுவச் சொல்லுங்கோ."

மடு மாதா சாட்சி

ஐந்தாவது மாதம், தை மாதக் குளிர். பிலோமினா அக்காவின் பிரஷர் நூற்றுத் தொண்ணூற்றைந்து. டொக்டர் பட்டியை இரண்டு கையிலும் கட்டிப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இவர் உண்மைதான் சொல்கிறார் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அந்த அறைக்குள் யார் வாயிலிருந்து எது வந்தாலும், மற்றவருக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும். நல்லது கெட்டது பார்க்க நாங்கள் யார்? எனவே அதையும் தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. மடு மாதா அறியத் தான் எடுப்பதாகக் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மடுக் கோயில் மாதாவின் பெயரால் மன்னாரில் ஒருவரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று டொக்டருக்குத் தெரியாது. அவர் மூன்றாவது குளிசை ஒன்றை எழுதினார். பிறகு கோப்பில் ஒரு வரி எழுதினார். எனக்குத் தலைகீழாக எழுத்துக் கூட்டத் தெரியும், வாத்தியார் தொழிலில் வந்த பழக்கம். நோயாளி சொல்வது நம்பத்தக்கதல்ல என்று அதில் இருந்தது. இந்த மாதமும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதை அக்காவுக்குச் சொன்னேன். அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"பொய் சொல்லுறதெண்டால், பிரஷர் குறைஞ்சுபோச்செண்டெல்லோ சொல்லியிருப்பன்?"

பஸ் தரிப்பில்

நோயாளிகளோடு வெளியில் கதைக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் உண்டு. அதை எழுதியவர்கள் மைனஸ் இருபதில் பார்க் எக்ஸ்டென்ஷன் பஸ் தரிப்பில் நின்றதில்லை. மூன்று பக்கம் கண்ணாடி போட்ட அந்தச் சின்னக் கூட்டுக்குள் நானும் அக்காவும் மட்டும். அவர் கையில் பார்மசிப் பை. மூன்றாவது குளிசையையும் வாங்கியாகிவிட்டது.

"டொக்டற்றை முகத்தைப் பார்க்கப் பயமாக் கிடந்தது தங்கச்சி" என்றார். "அண்ணை கிடந்த கிடை கண்ணுக்குள்ளை வருது. இண்டைக்குப் போய் எல்லாத்தையும் போடத் தொடங்கப்போறன்."

"என்னத்தைப் போடப்போறீங்கள்?"

"குளிசையைத்தான். அஞ்சு மாதமா எடுத்து எடுத்து அலுமாரியிலை அடுக்கி வச்சிருக்கிறன். தலையிடிச்சால் ஒண்டு போடுவன். இடி இல்லாட்டில் ஏன் சும்மா போடுவான்?"

எனக்கு மைனஸ் இருபதே மறந்துபோனது. நாங்கள் ஊரில் ‘மருந்து எடுக்க’ ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்கள். எடுப்பது என்றால் போய் வாங்கி வருவது. வாய்க்குள் போவதென்றால் தண்ணி மருந்தைக் குடிப்போம், குளிசையைப் போடுவோம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தாய்ப்பாலோடு வந்த தமிழ். ஆனால் இங்கிலீஷ் படித்த மண்டை, ‘டேக்’ என்று கேட்டவுடன் ‘எடு’ என்று கக்கிவிடும். மாதம் தவறாமல் பார்மசிக்குப் போய் எடுத்த மனுஷி, எடுத்தேன் என்று மாதாவின் பெயரால் சொன்னார். இப்போது, முதல் குளிசைக்கே பழகாத அந்த உடம்பில் இரட்டை அளவு ஒன்று, அதற்கு மேல் இரண்டு என்று ஒரே நாளில் இறக்கப் போகிறார். பிரஷர் விழுந்து, தையல் மெஷினுக்கு முன்னால் ஆளும் விழுவார்.

பஸ் வந்து கதவு திறந்தது. நான் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. சாரதி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து "பொன்ஜூர்?" என்று வணக்கத்தையே கேள்வி மாதிரிச் சொல்லிவிட்டுக் கதவை மூடினான். பஸ் போய்விட்டது. எடுக்கிறேன் என்று ஏன் அக்கா சொன்னீர்கள் என்று நான் அழாத குறையாகக் கேட்டேன்.

"எடுத்தனீங்களோ எண்டு கேட்டனீங்கள், எடுத்தனான் எண்டு சொன்னனான். போட்டனீங்களோ எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

நடைவழியில் இருபது அடி

திரும்பிப் போனோம். வாசலிலிருந்து டொக்டரின் அறைக்கு இருபது அடி நடைவழி. அந்த இருபது அடியில் நான் நினைத்ததை மறைக்காமல் சொல்கிறேன். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ‘நோயாளி தவறாக விளங்கிக்கொண்டுவிட்டார்’ என்று ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். மருந்து சரியாகிவிடும், அக்காவின் உயிருக்கு ஆபத்தில்லை, என் வேலைக்கும் ஆபத்தில்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியவராது. கோப்பில் இருக்கும் அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வரிதான் என்னை விடவில்லை. மாதாவின் பெயரால் உண்மை சொன்ன மனுஷியை நம்பத்தகாதவள் என்று எழுதியிருக்கிறது, எழுத வைத்தது நான். உள்ளே போய், "மொழிபெயர்ப்பாளர் ஐந்து மாதமாகப் பிழையாகக் கேட்டிருக்கிறார்" என்றேன். எங்கள் தொழிலில் ‘நான்’ என்று சொன்னால் நோயாளி பேசுகிறார் என்று பொருள். எங்களைப் பற்றிச் சொல்வதென்றால் யாரோ ஒருத்தியைப் பற்றிப் போலச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தச் சட்டம் வசதியாகத்தான் இருந்தது.

எடுத்த குளிசையெல்லாம் அலுமாரியில் இருப்பதையும் சொன்னேன். டொக்டர் இரண்டாவது குளிசையையும் மூன்றாவதையும் வெட்டினார். முதலாவதை, ஆரம்ப அளவில், இன்றைக்குத்தான் முதல் நாள் என்று எழுதினார். கோப்பைப் பின்னால் புரட்டி, அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். பிழை நடந்ததை அறிவிக்கிற படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். அதில் ‘பொறுப்பானவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐந்து மாதமாக நான் ஓர் அலுமாரிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்."

கப்பலில் வந்த சொல்

அந்தச் சனிக்கிழமை நூலகத்துக்குப் போய், தூக்கவே இரண்டு கை வேண்டிய ஆங்கில அகராதியில் இந்தச் சனியன் பிடித்த சொல்லைத் தேடினேன். பக்கம் பக்கமாகப் போகிறது. பஸ்ஸை எடுக்கலாம், பரீட்சை எடுக்கலாம், நேரம் எடுக்கலாம், கோபம் எடுக்கலாம், ஆளைப் பிடித்துக்கொண்டு போவதும் அதுதான், கூட்டிக்கொண்டு போவதும் அதுதான். வேலையில்லாதவன் எல்லா வேலையும் செய்வான் என்பதுபோல, தனக்கென்று ஒரு பொருள் இல்லாமல் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிற சொல்.

அதைவிடப் புதினமான செய்தி, அது ஆங்கிலமே இல்லையாம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வடக்கிலிருந்து கப்பலில் ஆங்கிலேயர் நாட்டில் போய் இறங்கியவர்களின் சொல். ஆதியில் அதற்குத் தொடுவது, கை வைப்பது என்று பொருள் இருந்ததாம். அப்படிப் பார்த்தால் பிலோமினா அக்கா மருந்தை எடுத்தவர்தான், தொட்டுத் தூக்கி அலுமாரியில் வைத்தவர் அல்லவா? அதற்கு முன்னால் எடுப்பதற்கு அங்கே சொந்தமாக ‘நிமன்’ என்று ஒரு சொல் இருந்திருக்கிறது. வந்தவன் அதைத் துரத்திவிட்டான். குளிரில் விரல் விறைத்தால் ஆங்கிலத்தில் ‘நம்’ என்கிறார்களே, அது மட்டும் அந்தப் பழைய சொல்லின் மிச்சமாம். உணர்ச்சி ‘எடுக்கப்பட்டுவிட்டது’ என்று அர்த்தம்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது இதை மரிக்கு என் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னேன். அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அவளுடைய அகதி விண்ணப்பம் ஏழு வருடம் இழுபட்டது எனக்குத் தெரியும்.

"படகில் வந்து இறங்கி, வீட்டுக்காரனையே வெளியே போட்டிருக்கிறான். அவனிடம் ஒருவரும் பேப்பர் கேட்கவில்லையா?"

வேறு ஆள்

இரண்டு மாதம் கழித்து பிலோமினா அக்காவின் பிரஷர் நூற்று நாற்பத்திரண்டு. டொக்டர் நான் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்த தமிழ்க் கேள்வியை மேசையில் ஒட்டி வைத்திருந்தார். "குலிசை போடுரீன்களோ?" என்று அவரே கேட்டார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தினமும் காலையில் சாப்பாட்டோடு போடுவதாகச் சொன்னார்.

பிறகு டொக்டர் ஒரு கடிதத்தை எடுத்தார். என்னுடைய படிவத்துக்கு மேலிடத்திலிருந்து வந்த பதில். நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுதி அனுப்ப வேண்டும், அதைப் பொறுத்துத்தான் என்னை வைத்திருப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்களாம். நிலையத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டொக்டருக்கும் சங்கடம்தான், ஆனால் வேறு வழியில்லை, கடிதத்தைப் பார்த்து வாசித்தார். சட்டம் சட்டம்தானே. நான் மடியில் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த மொழிபெயர்ப்பாளர் விட்ட பிழையாலை உங்கடை உயிருக்கு ஆபத்து வந்திருக்கும். இனி உங்களுக்கு வேறை ஆள் வேணுமோ?"

சொல்லி முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க முடியவில்லை. வேலை போகப்போகிறதே என்று மட்டுமல்ல. அவர் ‘ஓம்’ என்று சொன்னால் அது நியாயமான பதில், அதையும் என் வாயால்தான் சொல்லியாக வேண்டும். பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினார். தைக்கிறவர்களுக்கு அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற பழக்கம்.

"வேறை ஆள் வந்தால் வேறை பிழை விடுவா. இவ விடுற பிழை என்னெண்டு எனக்கு இப்ப தெரியும்."

அதை ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொல்லி முடித்தபோது, இத்தனை வருடத் தொழிலில் ஒரு சொல்லும் பிசகாமல் நான் மொழிபெயர்த்தது, என் வேலையைக் காப்பாற்றிய, என்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையைத்தான் என்று தெரிந்தது.